வலி மாத்திரையை நிறுத்தினால் ஏன் காய்ச்சல் மாதிரி வருகிறது?

என் மாமா நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறவர். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்ததில் இடுப்பு கெட்டுப்போனது. ஒரு டாக்டர் பத்து நாளைக்கு என்று டிரமடால் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்து நாள் ஒன்றரை வருஷம் ஆனது. சீட்டு கசங்கிக் கிழிந்த பிறகும், தெரிந்த மருந்துக் கடை என்பதால் அட்டை அட்டையாகக் கிடைத்தது. ராத்திரி ஓட்டத்துக்கு முன்னால் ஒன்று, வழியில் ஒன்று, சரக்கு இறக்கியதும் ஒன்று.

ஒரு தீபாவளிக்கு நான்கு நாள் வீட்டில் இருந்தார். மாத்திரை தீர்ந்துவிட்டது, கடையும் பூட்டியிருந்தது. இரண்டாம் நாள் காலையில் எனக்குப் போன் வந்தது.

"காச்சல் அடிக்கற மாதிரியே இருக்குது கண்ணு. ஆனா மேலு சுடல. மூக்கு ஒழுகுது, கொட்டாவி கொட்டாவியா வருது, வயிறு வேற போயிட்டே இருக்குது."

நான் நர்ஸ் வேலை பார்க்கிறவள். மூக்கு, வயிறு என்றபோது எதுவும் தோன்றவில்லை. கொட்டாவி என்றதும்தான் பொறி தட்டியது.

"மாமா, இடுப்பு மாத்திரை கடைசியா எப்பப் போட்டீங்க?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அது எதுக்கு இப்ப?" என்றார்.

எதுக்கு என்று அன்றைக்குப் போனில் சொல்ல முடியவில்லை. நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் அது புரியும். இங்கே தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் வலிக்குப் போடுவது எல்லாமே ‘வலி மாத்திரை’தான். ஆனால் அதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் ஒரு குடும்பம். அளவு மீறினால் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ வயிற்றையோ கெடுக்கும். அது வேறு கவலை. மார்ஃபின், கோடீன், டிரமடால், டபென்டடால், ஃபென்டனில் எல்லாம் இன்னொரு குடும்பம். அபினின் ஆங்கிலப் பெயரான ஓபியத்திலிருந்து வந்த சொல்தான் ஓபியாய்டு. இங்கே பேசுவது இந்த இரண்டாவது குடும்பத்தைப் பற்றி மட்டும். மாமாவின் மாத்திரையில் பாராசிட்டமாலும் டிரமடாலும் ஒன்றாக இருந்தன. ‘பாராசிட்டமால்தானே’ என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். நானும்தான். அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வலி ஏறும் பாதை

இருட்டில் எழுந்து போகும்போது சுண்டுவிரல் கட்டில் காலில் இடித்துக்கொள்கிறது. கவனித்துப் பாருங்கள், வலி இரண்டு தவணையாக வரும். முதலில் ‘சுரீர்’ என்று ஒன்று. காலை இழுத்துக்கொண்ட பிறகு, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, ‘விண் விண்’ என்று இன்னொன்று. இடித்தது ஒரு தடவைதான். செய்தி இரண்டு கம்பிகளில் போகிறது. முதல் கம்பிக்குக் கொழுப்பு உறை உண்டு. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். இரண்டாவது உறை இல்லாத மெல்லிய நரம்பு. நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும், நாம் நடக்கும் வேகம்கூட இல்லை. காலிலிருந்து முதுகு வரை ஏறி வர அதற்கு ஒரு நொடியாவது ஆகும். இடுப்பு வலி, மூட்டு வலி மாதிரி நாள்பட்டு மந்தமாக அரிக்கும் வலிகளில் பெரும் பங்கு இந்த மெதுவான கம்பிக்குத்தான்.

இரண்டும் முதலில் போய்ச் சேருமிடம் தண்டுவடம். முதுகெலும்புக்குள் சுமார் 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓடும் கயிறு அது. ஒரு நரம்பணுவும் அடுத்த நரம்பணுவும் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, நடுவில் மிகச் சிறிய இடைவெளி இருக்கும். வந்த செய்தி அந்த இடைவெளியில் வேதிப்பொருளாகக் கொட்டப்படும். எதிர்க்கரையில் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொண்டால் செய்தி மூளைக்கு ஏறும். கொட்டியது குறைந்தாலோ, எதிர்க்கரை மந்தமாக இருந்தாலோ, வலி பாதி வழியில் நின்றுவிடும்.

அதாவது வலி நேராக மூளைக்குப் போய் மணி அடிப்பதில்லை. வழியில் ஒரு கதவு இருக்கிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965ல் இதைக் ‘கதவுக் கொள்கை’ என்று எழுதினார்கள். இடித்த விரலை நாம் ஏன் உடனே தேய்த்துவிடுகிறோம்? தொடுதலைச் சொல்லும் நரம்புகள் வேகமானவை. அவை முந்திக்கொண்டு வந்து, வலி நுழையும் கதவைப் பாதி சாத்திவிடுகின்றன. குழந்தை விழுந்தால் பாட்டி ஊதித் தேய்த்துவிடுவதும் இதே வைத்தியம்தான்.

கதவை மேலிருந்தும் சாத்தலாம். மூளைத்தண்டிலிருந்து கீழிறங்கும் நரம்புகள் தண்டுவடத்தில் வலியை அமுக்குகின்றன. ஜல்லிக்கட்டில் மாடு முட்டி ரத்தம் வடிய ஓடுகிறவனுக்குக் களத்தைத் தாண்டும் வரை வலியே தெரியாமல் போவது அதனால்தான்.

நமக்குள்ளேயே ஒரு மருந்துக் கடை

ஜெர்மனியில் செர்ட்யூர்னர் என்ற இளம் மருந்தாளுநர் 1800களின் தொடக்கத்தில் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். அது வலியைப் போக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிப் போக்குகிறது என்பது தெரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1973ல், மூளையில் அபின் வகைப் பொருள்கள் வந்து உட்காருவதற்கென்றே ஏற்பிகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கசகசாச் செடியின் பாலுக்கு நம் மூளையில் ஏன் நாற்காலி போட்டிருக்கிறது? யாருக்கோ போட்டது, இது வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ‘யாரோ’ யார் என்பதை 1975ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றி மூளையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள். எண்டார்ஃபின் என்று நாம் அடிக்கடி கேள்விப்படுவது அதன் சொந்தக்காரர்.

ஆக உடம்பு தனக்கு வேண்டிய ஓபியாய்டைத் தானே செய்துகொள்கிறது. கொஞ்சமாக, வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்துக்கு மட்டும். மாத்திரை அப்படி இல்லை. ரத்தத்தில் கலந்து, நாற்காலி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் உட்காரும்.

நாற்காலியோ தண்டுவடத்தில் மட்டும் இல்லை. குடலில் இருக்கிறது, அதனால்தான் இந்த மருந்துகள் மலச்சிக்கல் தரும். (பேதியை நிறுத்தப் போடும் லோபெரமைடும் இந்தக் குடும்பம்தான். வழக்கமான அளவில் அதை மூளைக்குள் விடாமல் வாசலிலேயே தள்ளிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.) இருமலைத் தூண்டும் இடத்தில் இருக்கிறது, அதனால் கோடீன் இருமல் மருந்தானது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் இருக்கிறது. அளவு மீறியவர்கள் சாவது பெரும்பாலும் அங்கேதான். இதயம் நிற்பதற்கு முன் மூச்சு மறந்துபோகும். தூக்க மாத்திரையோ மதுவோ கூடச் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

கயிறு இழுக்கும் போட்டி

இப்போது மாமாவின் ‘காய்ச்சலுக்கு’ வருவோம். நம் நரம்பு மண்டலத்தில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் மூளையில் மட்டும் இருக்கின்றன. அத்தனைக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. யாராவது ஒரு பக்கமாக இழுத்தால், மறுபக்கம் இழுத்து நடுவுக்குக் கொண்டுவரப் பார்க்கும்.

பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மாத்திரை, மறுபக்கம் உடம்பு. மாத்திரை தினமும் ‘அமைதி, அமைதி’ என்று இழுக்கிறது. உடம்பு குதிகாலை ஊன்றி எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஏற்பிகள் மந்தமாகின்றன, நரம்பணுக்கள் உள்ளுக்குள் இயந்திரத்தைக் கூட்டிவைத்துக்கொள்கின்றன. ஒரு மாத்திரை கேட்ட இடத்தில் இரண்டு கேட்பது இதனால்தான். வலி கூடியது என்று அர்த்தமில்லை, எதிர்ப்பக்கம் ஆள் கூடிவிட்டது. கயிற்றின் நடுவில் கட்டிய துணி மட்டும் அசையாமல் அதே இடத்தில் நிற்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சாதாரணமாகத் தெரியும். மாமாவும் ஒன்றரை வருஷம் சாதாரணமாகத்தான் லாரி ஓட்டினார்.

திடீரென்று ஒரு பக்கம் கயிற்றை விட்டுவிட்டால்? எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் மல்லாக்க விழுவார்கள். மாத்திரையை நிறுத்தினால் வரும் அவதி இந்த விழுதல்தான். புதிதாக வந்த நோய் கிடையாது. உடம்பு இத்தனை நாள் ஊன்றியிருந்த பலம், எதிர்க்க ஆள் இல்லாமல் வெளியே தெரிகிறது.

அதனால்தான் அறிகுறிகள் ஒவ்வொன்றும் மாத்திரை செய்ததற்கு நேர் எதிராக இருக்கின்றன. குடலை நிறுத்தி வைத்தது, இப்போது பேதி. கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது, இப்போது விரிந்துகிடக்கிறது. மயக்கம் மாதிரி ஒரு தூக்கம் இருந்தது. இப்போது விடிய விடியக் கண் மூடவில்லை, கால் தானாக உதைத்துக்கொள்கிறது. வலி அடங்கியிருந்தது, இப்போது இடுப்போடு சேர்ந்து முடி முளைக்கும் இடம்கூட வலிக்கிறது. கூடவே வியர்வை, கண்ணிலும் மூக்கிலும் நீர், நிற்காத கொட்டாவி.

இதில் ஒரு குட்டி இடத்துக்குப் பெரிய பங்கு. மூளைத்தண்டில், நீல நிறமாக இருப்பதால் லத்தீனில் ‘நீல இடம்’ என்றே பெயர் வாங்கிய ஒரு புள்ளி. சில பத்தாயிரம் நரம்பணுக்கள்தான், ஆனால் மூளை முழுக்க நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை அனுப்புவது அதுதான். விழிப்பு, படபடப்பு, உஷார் எல்லாம் அதன் பொறுப்பு. ஓபியாய்டு அதை அமுக்கி வைத்திருக்கும். மாத்திரை நின்றதும் அது பாய்லர் மூடி தெறித்த மாதிரிக் கிளம்பும். நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறியும். அன்று மதியம் நான் போய்ப் பார்த்தபோது மாமாவின் முன்னங்கை உரித்த கோழித்தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக நின்றது. மின்விசிறிகூட ஓடவில்லை. டிரமடாலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது நார்அட்ரினலின், செரட்டோனின் இரண்டிலும் கை வைக்கும் மருந்து. அதனால் நிறுத்தும்போது பதற்றமும், ஷாக் அடித்த மாதிரி உணர்வும் சிலருக்குச் சேர்ந்து வரும். அளவு மீறினால் வலிப்பே வரும்.

"எனக்கு ஒண்ணுமில்ல, ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்" என்றார். அதில் பொய் இல்லை. போட்டால் முக்கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். சிக்கலே அதுதான்.

ஆசை எங்கிருந்து வருகிறது

அவதி ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் முடிந்தது அல்லவா? இல்லை, ஏனென்றால் உடல் பழகிப்போவதும் அடிமையாவதும் ஒன்றல்ல. புற்றுநோய் வலிக்கு மாதக்கணக்கில் மார்ஃபின் வாங்கும் நோயாளிக்கும் உடல் பழகும். நிறுத்தினால் அவருக்கும் அவதி வரும். அவரை அடிமை என்று சொல்வது அபத்தம். அந்தப் பயத்திலேயே வலியோடு செத்தவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர்.

அடிமைத்தனம் வேறொரு பாதையில் நடக்கிறது. மூளையின் அடியில் டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் எப்போதும் ஒரு பிரேக் அழுத்திக்கொண்டிருக்கும். ஓபியாய்டு அந்தப் பிரேக் காலைத் தூக்கிவிடுகிறது. டோபமினை ‘இன்பம்’ என்று சொல்வது பாதி உண்மைதான். ‘இது முக்கியம், மறக்காதே, மறுபடி செய்’ என்று குறித்துவைக்கும் வேலை அதனுடையது. வலிக்காகத் தொடங்கி, அவதிக்குப் பயந்து தொடர்ந்து, கடைசியில் வலியும் அவதியும் இல்லாதபோதும் கை தானாக சட்டைப்பைக்குப் போவது இந்தக் குறிப்பினால்தான்.

இதற்கிடையில் இன்னொரு அநியாயமும் நடக்கும். நீண்ட நாள் ஓபியாய்டு எடுப்பவர்களில் சிலருக்கு நரம்புகள் கூர்மையாகி, சாதாரணத் தொடுதல்கூட வலியாகும். வலிக்கு என்று போட்ட மாத்திரையே வலியை வளர்க்கும்.

அமெரிக்காவில் இதையெல்லாம் தட்டிக்கழித்ததற்கு ஒரு கதை உண்டு. 1980ல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இந்த மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்றது. படுக்கையில், நர்ஸ் கையால், சில நாள் வாங்கியவர்கள் கணக்கு அது. அதையே வீட்டுக்கு மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவதற்கும் சாட்சியாகக் காட்டினார்கள். 1996ல் ஆக்ஸிகோன்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்தபோது இந்த நம்பிக்கை நன்றாக வேரூன்றியிருந்தது. பிற்பாடு அதைத் தயாரித்த பர்டியூ நிறுவனம், அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி மருத்துவர்களை ஏமாற்றியதை 2007ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2018 ஏப்ரலில். தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019ல் வந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, ஏதோ ஒரு வகை ஓபியாய்டு பயன்படுத்துவோர் 2.26 கோடிப் பேர். அதில் மருந்துக் கடை வகை மட்டும் மக்கள்தொகையில் ஒரு சதவீதத்தை நெருங்குகிறது.

கயிற்றை மெதுவாக விடுவது

சரி, மீள்வது எப்படி? கயிற்றுப் போட்டியிலேயே விடை இருக்கிறது. சட்டென்று விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால், எதிர்ப்பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொள்ளும். மாமாவை அழைத்துப்போன மனநல மருத்துவர் செய்தது இதைத்தான். எத்தனை மாத்திரை என்று கேட்டார். மாமா மூன்று என்றார், அத்தை ஆறு என்றார். மருத்துவர் சிரித்துக்கொண்டே ஆறு என்று எழுதிக்கொண்டார். பிறகு பல வாரங்களில் படிப்படியாகக் குறைத்தார். ஒரு படியில் தூக்கம் கெட்டால் அங்கேயே ஒரு வாரம் நிறுத்திவைத்தார். படபடப்புக்குக் குளோனிடின் கொடுத்தார். பழைய ரத்த அழுத்த மருந்து அது. சரியாக அந்த ‘நீல இடத்தை’த் தட்டித் தூங்கவைக்கும்.

எல்லோருக்கும் குறைப்பது மட்டும் போதாது. ஊசியாகப் போட ஆரம்பித்தவர்கள், பலமுறை விட்டுவிட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு புப்ரினார்ஃபின் என்று நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. அதுவும் ஓபியாய்டுதான், ஆனால் பாதி மட்டும் திரும்பும் சாவி. நாற்காலியை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், வேறு யாரையும் உட்காரவிடாது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் போதையும் ஏறாது. கயிற்றின் அந்தப் பக்கத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆளை நிறுத்தும் மாதிரி. அதையும் அவதி தொடங்கிய பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். பழைய மருந்து முழுதாக இருக்கும்போது கொடுத்தால் அதைப் பிடித்துத் தள்ளி, அவதியை நிமிஷத்தில் வரவழைத்துவிடும். மெத்தடோன் என்ற இன்னொன்றை 1960களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் இருவரும் இதே நோக்கத்தில் கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள். தினமும் ஒரே அளவு, ஏற்ற இறக்கம் இல்லாமல், வேலைக்குப் போய்க்கொண்டு, உயிரோடு இருப்பதற்குப் பெயர் போதை இல்லை. சர்க்கரை நோயாளி இன்சுலின் போடுவதை யாரும் ‘ஊசிப் பழக்கம்’ என்று சொல்வதில்லையே.

வீட்டில் பூட்டிவைத்துப் பத்து நாள் மருந்தே காட்டாமல் ‘சுத்தம் செய்வது’ எனக்குப் பயமான வைத்தியம். பத்து நாளில் எதிர்ப்பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் கலைந்துவிடுவார்கள். ஆனால் டோபமின் எழுதிவைத்த குறிப்பு அப்படியே இருக்கும். வெளியே வந்தவர் ஆசையில் பழைய அளவையே எடுப்பார். அதைத் தாங்கும் பழக்கம் உடம்புக்கு இப்போது இல்லை, மூச்சு நின்றுபோகும். மீண்டவர் திரும்ப எடுக்கும் அந்த முதல் தடவைதான் இருப்பதிலேயே ஆபத்தானது. மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, தட்டினாலும் எழாமல் கிடந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். நலாக்சோன் என்ற ஊசி, பூட்டில் நுழையும் ஆனால் திரும்பாத சாவி. மருந்தை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டு மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது.

மாமாவுக்குக் கடைசி மாத்திரை நின்ற பிறகு வந்த மாதங்கள்தான் நீளமானவை. வலிகூட அவ்வளவு இல்லை. எதிலும் ருசி இல்லை என்பார். பேரன் ஓடிவந்தால்கூடச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே இருக்கும் மருந்துக் கடை ஒன்றரை வருஷம் வியாபாரம் இல்லாமல் ஷட்டரை இறக்கியிருந்தது. மறுபடி சரக்கு வாங்கித் திறக்க நாளாகும். இடுப்புக்குப் பிசியோதெரபி, காலையில் நடை, இரவில் பத்து மணிக்குப் படுக்கை. நாலைந்து மாதம் கழித்து ஒருநாள், அத்தை வைத்த நாட்டுக்கோழிக் குழம்பில் உப்புக் குறைவு என்று சண்டை போட்டார். அத்தை அதை எனக்குப் போன் பண்ணிச் சந்தோஷமாகச் சொன்னார்.

இடம் மாறினால் ஆசை மாறுமா என்று ஒரு பழைய கேள்வி உண்டு. வியட்நாம் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையானதாகச் சொன்னார்கள். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களை ஊர் திரும்பிய பிறகு தொடர்ந்து பார்த்தார். முதல் வருஷத்தில் அப்படி அடிமையானவர்களில் மீண்டும் அடிமையானது 5 சதவீதம்தான். அந்தக் காடு இல்லை, அந்தப் பயம் இல்லை, அந்த நண்பர்கள் இல்லை, நினைவூட்டும் பொருள் ஒன்றுமே இல்லை.

மாமாவுக்கு அந்த வசதி கிடையாது. அதே லாரி, அதே ரோடு. கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடையில்தான் இரண்டாவது மாத்திரையைப் போடுவாராம், அரை டம்ளர் டீயோடு. மாத்திரையை விட்டு ஒரு வருஷம் கழித்து முதல் தடவை அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தியபோது, டீ வருவதற்குள் வரிசையாகக் கொட்டாவி வந்ததாம், கண்ணில் நீர் கட்டியதாம். ரத்தத்தில் மருந்து துளியும் இல்லை. அந்த பெஞ்சையும் டீ வாசனையையும் பார்த்ததுமே ‘இதோ இழுக்கப் போகிறான்’ என்று உடம்பு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது.

"டீயக் குடிச்சீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"எங்க குடிக்கறது? காச வெச்சிட்டு வண்டிய எடுத்துட்டேன். இப்பெல்லாம் கிளீனர் பையன் அந்தக் கடை வந்தா பாட்டுச் சத்தத்தக் கூட்டி வெச்சிருவான். அவனுக்கும் தெரியும்."